ஆல்பக்காரர் கழித்த இருபத்து நான்கு

செவந்தி டிஜிட்டல்ஸ் மாடியில் அணுவை உடைக்கிறார்கள் என்று விராலிமலையில் ஒரு பேச்சு கிளம்பியது. அப்போது ஆடி பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பேருந்து நிலையத்தில் புறப்பட்டபோது அது வெறும் பேச்சாகத்தான் இருந்தது. கடைவீதியைத் தாண்டுவதற்குள், மாடி ஜன்னலில் நீல வெளிச்சம் தெரிவதாகச் சேர்ந்துகொண்டது. மலையடிவாரத்தை எட்டியபோது, இரண்டு நாளாக மயில்கள் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதும் சாட்சியமாகிவிட்டது. மயில்களை யாரும் விசாரிக்கவில்லை.

இப்படிப்பட்ட செய்திகள் சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியாகத்தான் வந்து சேரும். கடை முதலாளி அருள்மணிக்கு அது மூன்றாம் நாள் காலையில், எதிர்த்த டீக்கடை ராசு மூலமாக, டீயோடு சேர்ந்து வந்தது.

"ஏண்ணே, மாடியில குண்டு கிண்டு ஏதும் செய்யிறீங்களா?"

"எவன்டா சொன்னான்?"

"எவனும் சொல்லலண்ணே. ஊரே சொல்லுது."

"ஊருக்கு வேற சோலி இல்லையா?"

"ஆடி மாசம்ணே. யாருக்குச் சோலி இருக்கு?" ராசு குரலைத் தாழ்த்தினார். "அந்தத் திருவரங்குளத்துப் புள்ள இருக்குல்ல, ஒங்க மாடிக்கு வருதே, அது நேத்து இங்கிட்டு நின்னுதான் போன்ல பேசுச்சு. 'நேத்து ஓட்டுனதுல ஆயிரக்கணக்குல செதறிருச்சு, முப்பத்தாறு திரும்பி வரல'ன்னுச்சு. நான் காதால கேட்டேன். முப்பத்தாறு என்னண்ணே? ஆளா, ஆடா?"

அந்தப் பெண் மெஷினில் என்னமோ ஓட்டிக்கொள்ளட்டும் என்று மாடிச் சாவியைக் கொடுத்த அருள்மணி, என்ன ஓட்டுகிறாள் என்று கேட்டுக்கொள்ளவில்லை. காலேஜ் வேலை என்றாள், சரி என்றுவிட்டார். தன் கடையைப் பற்றிய வதந்தி உண்மையா என்று தானே போய் விசாரித்துத் தெரிந்துகொள்ளும் யோகம் எல்லா முதலாளிகளுக்கும் வாய்ப்பதில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அவர் படியேறுவதற்குள் அவரைப் பற்றிச் சொல்லிவிடலாம். வயது நாற்பத்தைந்து. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் இருநூறுக்கு அறுபத்தெட்டு மதிப்பெண்; எழுபது எடுத்திருந்தால் பாஸ். குறைந்த இரண்டு மதிப்பெண் அவரை ஒரு ஸ்டூடியோவின் இருட்டறைக்குள் தள்ளிவிட்டது. ஃபிலிம் கழுவினார். ஃபிலிம் ஒழிந்ததும் ஃபிளெக்ஸ் அடித்தார். ஷார்ஜாவுக்குப் போய் இரண்டு வருடம் அரபிக் கல்யாணங்களுக்கு ஆல்பம் போட்டார். திரும்பி வந்து நெடுஞ்சாலை ஓரத்தில் சொந்தக் கடை வைத்தார். பலகையில் மனைவி பெயரைப் போட்டது அன்பினால் என்பது அவர் கட்சி. ஜோசியர் 'ச'-வில் ஆரம்பிக்கச் சொன்னதால் என்பது செவந்தியின் கட்சி.

மாவட்டத்தில் பாதிப் பேருடைய மருவை எடுத்தவர் அருள்மணி. மூடிய கண்களைத் திறந்திருக்கிறார். சவூதியில் லீவு கிடைக்காத அண்ணனைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தி, தோளில் அம்மாவின் கையையும் வைத்திருக்கிறார். ஆனால் அவருடைய மெய்யான திறமை கழிப்பதில் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பார்கள். ஆல்பத்துக்கு நூற்றைம்பது போதும். அந்த நூற்றைம்பதை ஒரே மணி நேரத்தில் பொறுக்கிவிடுவார். சண்டை போட்ட சம்பந்தி, அழுத நாத்தனார், சாம்பார் கவிழ்ந்த பந்தி எல்லாம் குப்பைக்குப் போய்விடும். புதுக்கோட்டை மாவட்டத்தின் சரித்திரத்தைக் கல்யாண ஆல்பங்களை மட்டும் வைத்து எழுதினால், இங்கே யாரும் யாரிடமும் கோபித்துக்கொண்டதே இல்லை என்றுதான் எழுத வேண்டியிருக்கும்.

வீடியோ வேலைக்காகப் போன வருடம் பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட மெஷின் ஒன்றை வாங்கி மாடியில் வைத்திருந்தார். முகூர்த்த மாதங்களில் அதற்கு மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடியில் கல்யாணம் கிடையாது. மெஷின் சும்மா கிடக்கும்.

ஆனிக் கடைசியில் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வந்த சிவரஞ்சனி அந்த மெஷினைப் பார்த்துவிட்டாள். படத்துக்கு வருபவர்கள் முகத்தைக் கொஞ்சம் வெளுக்க முடியுமா என்றுதான் கேட்பார்கள். இவள், "அண்ணே, இதுல என்ன கார்டு போட்டிருக்கீங்க?" என்று கேட்டாள். சொந்த ஊர் திருவரங்குளம். அப்பா நாகராசு விவசாயி. விராலிமலையில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு, திருச்சியில் ஒரு கல்லூரிக்கு ஆராய்ச்சி செய்யப் போய்வந்தாள். கல்லூரியில் இருக்கும் ஒரே பெரிய கம்ப்யூட்டருக்கு நாற்பது பேர் வரிசை. ஆவணி பிறந்ததும் ஆராய்ச்சிக் குழு கூடும். அதற்குள் நூறு ஓட்டம் முடித்து முடிவைக் காட்டினால்தான் அவளுடைய உதவித்தொகை இன்னும் ஆறு மாதம் நீளும். காட்டாவிட்டால் நான்கு வருட வேலையைப் பாதியில் கட்டி வைத்துவிட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். இத்தனையையும் அவள் சொன்னாள். எதன் ஓட்டம் என்பதை மட்டும் அருள்மணி கேட்கவில்லை. "மெசின் சும்மா கெடந்தா எலி வயரைக் கடிக்கும். ஓட்டிக்க தாயி" என்று சொல்லிவிட்டார்.

மாடியில் சிவரஞ்சனி திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கருநீலப் பின்னணியில் வரிசை வரிசையாகப் புள்ளிகள்.

"இங்க அணுவ ஒடைக்கிறியா?" என்று நேராகவே கேட்டார் அருள்மணி.

அவள் சிரிக்கவில்லை. "ஒடைக்கலண்ணே. எடம் மாத்துறேன். அதுவும் கணக்குலதான்."

"வெளங்கல."

"இது இரும்பு. நூத்துக்கு ஒம்பது பங்கு குரோமியம் கலந்திருக்கு. அணு உலைக்குள்ள வைக்கிற உலோகம். இந்தப் பெட்டியில இருபது லட்சம் அணு இருக்கு. உலையில நியூட்ரான் பறந்து வந்து ஒண்ணு மேல மோதும். அது பக்கத்துல இருக்கறத இடிக்கும், அது அடுத்தத இடிக்கும். இப்பப் பாருங்க."

ஒரு பொத்தானைத் தட்டினாள். வரிசைகளின் நடுவே சிவப்பாக ஏதோ வெடித்தது. கண்மூடித் திறப்பதற்குள் கிளை விட்டு, ஆயிரக்கணக்கான புள்ளிகளை நாலாபக்கமும் விரட்டியது. பிறகு வந்த வேகத்திலேயே வடிந்தது. புள்ளிகள் திரும்பி வந்து வரிசை கட்டிக்கொண்டன. அங்கங்கே சில மட்டும் சிவப்பாகவே நின்றன.

"நிறுத்து, நிறுத்து. இது பந்தி" என்றார் அருள்மணி.

"என்னண்ணே?"

"கல்யாணப் பந்தி. எல்லாரும் எலைக்கு முன்னாடி வரிசையா ஒக்காந்திருக்காங்க. திடீர்னு ஒரு காளை உள்ள பூந்திருச்சு."

சிவரஞ்சனி கொஞ்சம் யோசித்தாள். "சரிதான். மாடு போனதும் எல்லாரும் திரும்ப வந்து ஒக்கார்றாங்க. ஆனா அது யாரு எலைன்னு பாக்குறதில்ல. கெடச்ச எலையில ஒக்காந்துக்குவாங்க."

"அதான் எல்லாருக்கும் எலை இருக்குல்ல. பெறகென்ன?"

"அங்கதாண்ணே வம்பு. கடைசியில சில எலை காலியாக் கெடக்கும். வேற எங்கயோ ஒரே எலைக்கு ரெண்டு பேரு நெருக்கிக்கிட்டு இருப்பாங்க. அந்தக் காலி எலைய எண்ணுறதுதான் என் வேல. நேத்து முப்பத்தாறு."

ராசு கேட்ட முப்பத்தாறு எது என்று அருள்மணிக்கு விளங்கியது. காலி இலைக்காக ஒருவர் இவ்வளவு கவலைப்படலாம் என்பது புதிதாக இருந்தது. "முப்பத்தாறு எலை போனா பந்தி கெட்டுருமா?" என்றார்.

"ஒரு தடவையில கெடாது. உலைக்குள்ள இது ஓயாம நடந்துக்கிட்டே இருக்கும். காலி எடமெல்லாம் நாள்பட ஒண்ணு சேந்தா இரும்புக்குள்ள பொத்தல் விழுந்து வீங்கும். நெருக்கிக்கிட்டு நிக்கறதெல்லாம் கூட்டுச் சேந்தா இரும்பு வெறச்சுப்போகும். அப்பறம் ஒரு நாள் படக்குன்னு விட்டுரும்."

"இதுக்கு எதுக்கு நூறு தடவ? ஒண்ணு பாத்தாப் பத்தாதா?"

"காளை எங்கிட்டிருந்து வரும்னு தெரியாதுல்லண்ணே. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சேதம். நூறு தடவ விட்டுப் பாத்தாத்தான் சராசரி நிக்கும்."

ஒரு நொடியை லட்சம் கோடிக் கூறாகப் போட்டு, அதில் நாற்பது கூறுக்குள் இந்தக் கூத்து முழுவதும் முடிந்துவிடுகிறது என்றாள். அந்த நாற்பது கூறைக் கணக்குப் போட அருள்மணியின் மெஷினுக்கு ஐந்து மணி நேரம் ஆனது.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். கை தானாக மவுஸுக்குப் போனது. "கடைசியில நிக்குதே அந்தச் செவப்புப் புள்ளி, அசிங்கமா இருக்கு. ரெண்டு நிமிசத்துல எடுத்துரவா?"

சிவரஞ்சனி பாய்ந்து மவுஸைப் பிடுங்கினாள். "ஐயோ அண்ணே! அந்தப் புள்ளிதான் என் ஆராய்ச்சியே! சத்தியமா ஒரு புள்ளியக்கூடத் தொடக் கூடாது."

"சரி, தொடல" என்றார் அருள்மணி. சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார்.

விசாரணை முடிவை அன்றே ராசுவிடம் தெரிவித்தார்: அணு உடையவில்லை, இடம் மாறுகிறது, அதுவும் மாடியில் நடக்கவில்லை, கணக்கில் நடக்கிறது. ராசு முகம் வாடிவிட்டது. "ப்ச், அம்புட்டுத்தானா" என்றபடி அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். உண்மை டீக்கடையோடு நின்றது. பொய் அதற்குள் கோட்டைப்பட்டினம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்திருந்தது.

அந்த ஆடியில் அருள்மணிக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. காலையில் கடையைத் திறந்ததும் மாடிக்குப் போய், முடிந்த ஓட்டத்தின் கடைசிப் படத்தைப் பார்ப்பார். சில சேதங்கள் உருண்டையாக ஓரிடத்தில் அடங்கியிருந்தன. சில மூன்று கிளையாகப் பிரிந்து ஓடின. ஒரே மாடு, ஒரே வேகம், ஏன் இப்படி என்று கேட்டுக்கொண்டே இறங்குவார். "இன்னிக்கு முப்பத்தொண்ணுதான் காலி" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார். "கல்யாண வீட்டுல எத்தன பேரு சாப்பிடாமப் போனாங்கன்னு ஒரு நாளாச்சும் எண்ணிருப்பீங்களா?" என்றாள் செவந்தி. அவர் எண்ணியதில்லை.

ஆடி இருபத்தாறு அன்று தொண்ணூற்றெட்டாவது ஓட்டம் முடிந்ததும் மெஷின் நின்றுவிட்டது. ஹார்ட் டிஸ்க்கில் இடமில்லை என்று திரை சொன்னது. சிவரஞ்சனிக்குப் போன் போட்டார். அவளுக்கு அன்று கல்லூரியில் தேர்வு மேற்பார்வை, போன் அணைந்திருந்தது. பத்து தடவை அடித்தார். இன்னும் இரண்டே ஓட்டம் பாக்கி. ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு முக்கியம் என்று அவருக்குத் தெரியும். டிஸ்க் நிறைந்துபோவது அவர் தொழிலில் மாதாமாதம் வரும் சங்கடம். அதற்கு அவர் கைவசம் இருபது வருட வைத்தியமும் இருந்தது.

மறுநாள் சிவரஞ்சனி வந்தாள். நூறும் முடிந்துவிட்டது என்று வாசலிலேயே சொல்லி வரவேற்றார். அவள் உட்கார்ந்து கணக்கை ஓட்டினாள். நெற்றி சுருங்கியது. மறுபடி ஓட்டினாள்.

"அண்ணே, நாப்பதுக்கு மேல ஒண்ணுகூட இல்லையே. போன வாரம் அம்பத்தொண்ணு ஒண்ணு வந்துச்சே. திரையில பாத்தேனே."

அருள்மணியின் முகம் மலர்ந்தது. "அதையெல்லாம் எடுத்துட்டேன்."

"எங்க எடுத்தீங்க?"

"தூக்கிட்டேன் தாயி. டிஸ்க்கு நெறஞ்சு நின்னுபோச்சு, ஒனக்குப் போனும் போகல. ஒரு புள்ளியத் தொடல. நல்லா வந்தத மட்டும் செலக்‌ஷன் பண்ணி வச்சிருக்கேன். கன்னாபின்னான்னு செதறுனது ஒரு இருபத்து நாலு இருந்துச்சு, அத மட்டும் கழிச்சேன்."

"குப்பையில இருக்கா?"

"குப்பையையும் காலி பண்ணிட்டேன்." அதையும் அவர் பெருமையாகத்தான் சொன்னார்.

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை என்று அருள்மணிக்குத் தோன்றியது. மெதுவாகச் சொன்னாள்.

"நல்லா வந்தத மட்டும் வச்சு எண்ணுனா இரும்பு நல்லாருக்குன்னுதாண்ணே வரும். பாருங்க, சராசரி முப்பத்தொண்ணுக்கு எறங்கிருச்சு. இத நம்பி ஒருத்தன் உலை கட்டுனான்னா?"

அருள்மணி திரையைப் பார்த்தார். எழுபத்தாறு படங்கள், ஒன்றுகூட அலங்கோலமாக இல்லை. தன் வாழ்நாளில் செய்த ஆல்பங்களிலேயே சுத்தமான ஆல்பம் அதுதான் என்பதும், அதை யாருக்கும் காட்ட முடியாது என்பதும் ஒரே சமயத்தில் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

கழித்தவற்றின் குட்டிப் படங்கள் மட்டும் மெஷினில் தங்கியிருந்தன. சிவரஞ்சனி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் நின்றாள்.

"இது மட்டும் சரி. சேதம் பெட்டியோட ஓரத்தத் தாண்டிப் போயி, மறுபக்கமா வந்து தன்னையே இடிச்சிருக்கு. கணக்குல வர்ற கோளாறு. இத நானே கழிச்சிருப்பேன்."

"நான் அத ஃபிரேமு வெட்டுப்பட்டுருச்சுன்னு தூக்குனேன்."

"காரணம் அதேதாண்ணே."

இருபத்து நான்கில் ஒன்று சரி. அந்த நிலைமையிலும் அருள்மணிக்கு அது கொஞ்சம் தெம்பாக இருந்தது.

தெம்பு கணக்குக்கு உதவவில்லை. அன்று புதன்கிழமை. சனிக்கிழமை நண்பகலுக்குள் முடிவு அவளுடைய பேராசிரியர் கைக்குப் போயாக வேண்டும். அழிந்ததை மீட்க முடியாது. அந்த இருபத்து நான்கு காளைகளையும் வந்த திசையிலிருந்தே, கோளாறான ஒன்றை மட்டும் புதுத் திசையிலிருந்து, மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றுக்கு ஐந்து மணி என்றால் நூற்றிருபது மணி நேரம். கையில் எழுபதுதான் இருந்தது. ஒவ்வொன்றையும் வேறு டிஸ்க்குக்கு மாற்றும் நேரத்தையும் சேர்த்தால் இந்த மெஷினில் பன்னிரண்டுதான் முடியும். மீதிப் பன்னிரண்டு?

"வேற ஸ்டூடியோவுல கேக்குறேன்" என்றார் அருள்மணி. "ஆடிக் கடைசி. அவங்க மெசினும் தூங்கிக்கிட்டுத்தான் இருக்கும்."

மாவட்டத்து ஆல்பக்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. விஷயத்தை எழுதிப் போட்டார். முதல் பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது: 'அணுகுண்டு அண்ணனுக்கு வணக்கம்.' இரண்டாவது பதிலில் ஒரு மயில் படம். மூன்றாவதாக யாரோ காலை வணக்கம் அனுப்பினார்கள். பதினாறு பேரில் ஒருவரும் மெஷின் தர முன்வரவில்லை. பதினைந்து நாளைக்கு முன்னால் பஸ் ஏறிய பேச்சு எல்லா ஊரிலும் இறங்கி வீடு பிடித்துக் குடியேறியிருந்தது.

போனில் பேசினால் வேலைக்காகாது என்று வியாழன் காலையில் பைக்கை எடுத்தார். சிவரஞ்சனி மாடியிலேயே இருந்தாள். யாராவது சரி என்றால், அவள் இங்கிருந்தே அந்த மெஷினுக்குள் புகுந்து நிரலை ஏற்றிவிடுவாள்.

திருவரங்குளத்தில் எழிலரசனுக்கு நாற்பது நிமிடம் பந்தியையும் காளையையும் விளக்கினார். எழிலரசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ரேடியேசன் ஒயர் வழியா வராதுல்லண்ணே?" என்றார்.

"அந்தப் புள்ள ஒங்க ஊருதான்யா. நாகராசு மக."

"எந்த நாகராசு? ரெண்டு போர் போட்டும் தண்ணி வராம மூணாவது போட்டாரே, அவரா? அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல!"

இயற்பியலால் நாற்பது நிமிடத்தில் முடியாததை ஒரு தகப்பன் பெயர் முடித்தது. எழிலரசனின் மெஷின் பழசு. நான்கு ஓட்டம்தான் தாங்கும். மிச்சம் எட்டு.

கோட்டைப்பட்டினத்தில் நைனா முகமதிடம் மாவட்டத்திலேயே பெரிய கார்டு இருந்தது. சிக்கல் என்னவென்றால் அங்கே ஆடி என்று தனியாக ஒரு மாதம் கிடையாது. அருள்மணி போய் இறங்கியபோது நைனாவின் மெஷின் ஒரு நிக்காஹ் வீடியோவில் பாதி தாண்டியிருந்தது. படகுத்துறைச் சாலையில் கடை. கதவைத் திறந்தால் கருவாட்டு வாசனையும் ஏசிக் குளிரும் சேர்ந்து வரும்.

"வாங்க மாப்ள. ஒங்க குண்டுனால எங்க மீனு வெல போகாதுன்னு இங்க ஒரு கூட்டம் போடப் பாத்தாங்க, தெரியுமா?"

"அத நம்புனீங்களா மாமா?"

"நம்பல. ஒங்களுக்கு நேராக் கல்யாண மாலையக்கூடக் கட்டத் தெரியாது. குண்டு எங்கிட்டுச் செய்வீங்க? ஒக்காருங்க, விசயத்தச் சொல்லுங்க."

அருள்மணி சொன்னார். இந்த முறை பந்தியில் தொடங்கவில்லை. தான் இருபத்து நான்கைக் கழித்ததில் தொடங்கினார். நைனா சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். நைனா சிரிக்கவில்லை, அவரும் ஆல்பக்காரர்தான்.

"நானா இருந்தா முப்பது கழிச்சிருப்பேன்" என்றார். பிறகு திரையைக் காட்டினார். "இந்த மாப்புள சனிக்கிழமை சாயங்காலம் திருச்சியில தம்மாமுக்குப் பிளேன் ஏறுறான். வீடியோவக் கையில வாங்கிட்டுத்தான் போவேன்னு நிக்கிறான். ஒங்க எட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

போனில் இருந்த சிவரஞ்சனி, இந்தக் கார்டில் ஒன்றுக்கு மூன்று மணி நேரம்தான், மொத்தம் இருபத்து நான்கு என்றாள். நைனா விரல் விட்டு எண்ணினார். இப்போதே நிறுத்தினால் வெள்ளி மாலை வரை அணு. அதற்குப் பிறகு நிக்காஹ். இடையில் கரண்ட் போகாமல் இருக்க வேண்டும். அறுபத்திரண்டு சதவீதத்தில் இருந்த மாப்பிள்ளையை அப்படியே நிறுத்தினார்.

முதல் ஓட்டம் ஏறியதும் அருள்மணி எழுந்தார். "இதுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க மாமா."

"துட்டு வேணாம். ஒரு பதில் வேணும்." நைனா போனை நோக்கிக் குனிந்தார். "தங்கச்சி, கேக்குதா? மாடு வந்துச்சு, போச்சு, எலை காலியாச்சு, எல்லாம் சரி. அந்த இரும்பு நாப்பது வருசம் தாங்குமா தாங்காதா? என் மெசின் ஓடிக் குடுத்ததுக்கு எனக்கு அது தெரிஞ்சாகணும்."

"சொல்றேண்ணே" என்று சிவரஞ்சனியின் குரல் வந்தது. அந்த நிமிடத்தில் அவள் எதற்கு வேண்டுமானாலும் சரி என்று சொல்லியிருப்பாள்.

"சொல்லுவா. நான் ஜாமீன்" என்றார் அருள்மணி.

வெள்ளிக்கிழமை கரண்ட் போகவில்லை. எழிலரசனின் நான்கும் நைனாவின் எட்டும் வந்து சேர்ந்தன. விராலிமலையின் பன்னிரண்டாவது ஓட்டம் சனிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு முடிந்தது. அதற்குள் அருள்மணி பன்னிரண்டு தடவை படியேறி இறங்கியிருந்தார். வந்தவற்றில் பல பார்க்கச் சகிக்காமல் இருந்தன. ஒன்றில் சேதம் நான்காகக் கிளைத்து ஐம்பத்து மூன்று காலியிடம். அதைப் பார்த்து அருள்மணிக்கு வந்த சந்தோஷம் செவந்திக்கு விளங்கவில்லை. சராசரி முப்பத்தைந்தில் போய் நின்றது. சிவரஞ்சனி முடிவை அனுப்பியபோது பதினொன்றரை. நைனாவின் மாப்பிள்ளையும் வீடியோவோடு விமானம் ஏறினான்.

குழு திங்கட்கிழமை கூடியது. நடந்ததைச் சிவரஞ்சனி மறுநாள் டீக்கடையில் நின்று சொன்னாள். மூன்று பேராசிரியர்கள். ஒருவர் நெடுநேரம் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, முடிவு ரொம்ப விரிந்து கிடக்கிறதே, ஓரத்தில் இருக்கும் நாலைந்தை விட்டுவிட்டால் கோடு அழகாக வருமே என்று கேட்டாராம்.

"அட, நம்ம ஆளு!" என்றார் அருள்மணி.

"நீங்க தமிழ்ல செஞ்சீங்க, அவரு இங்கிலீஷ்ல கேட்டாரு. விட முடியாதுன்னேன். ஏன்னு கேட்டாங்க, கழிச்சா என்ன ஆகுதுன்னு அந்த முப்பத்தொண்ணையும் பக்கத்துல போட்டுக் காட்டினேன். ஆறு மாசம் குடுத்துட்டாங்கண்ணே."

அருள்மணி கழித்த ஆல்பம் அப்படியாக ஒரு தடவை பொதுவில் காட்டப்பட்டது, இப்படிச் செய்யக்கூடாது என்பதற்கு உதாரணமாக.

உதவித்தொகைக் கவலை தீர்ந்தது. நைனாவுக்குத் தர வேண்டிய பதில் தீரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் அவரிடமிருந்து போன் வந்தது. சிவரஞ்சனி கணக்குப் போட்டுத்தான் வைத்திருந்தாள். மூன்று மணி நேரம் ஓடினால் நொடியின் லட்சம் கோடியில் நாற்பது பங்குதான் கிடைக்கிறது. நாற்பது வருடத்தை இதே வழியில் பார்க்க நைனாவின் மெஷின் நூறு கோடி கோடி வருடம் ஓட வேண்டும்.

"அது என் மெசினுக்கு ஆகுற நாளு தங்கச்சி" என்றார் நைனா. "நான் கேட்டது இரும்பப் பத்தி."

அதற்கு வேறு வகைக் கணக்கு இருக்கிறது, காலியிடங்கள் எப்படி நகர்ந்து கூடுகின்றன என்று தாவித் தாவிப் பார்ப்பது. அதைத்தான் இந்த ஆறு மாதத்தில் செய்யப்போவதாகச் சொன்னாள். நைனா சரி என்றார். அதற்கு அடுத்த வெள்ளியும் கேட்டார். ஐப்பசியில் அவள் போனை எடுக்காத ஒரு வெள்ளிக்கிழமை, ஜாமீன்காரருக்கு அடித்தார். அருள்மணி, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றார். கடன்பட்டவர்கள் எல்லா ஊரிலும் சொல்வதுதான். அவர் சிவரஞ்சனியின் நோட்டு ஒன்றை வாங்கி வந்து இருபது பக்கம் புரட்டியும் பார்த்திருந்தார். நாலாம் பக்கத்தில் இருந்த ஒரு படம் மட்டும் பிடிபட்டது.

கார்த்திகையில் கோட்டைப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குக் கேமராவோடு போக வேண்டியிருந்தது. படகுத்துறைச் சாலை வழியாகப் போனால் ஐந்து நிமிடம். அருள்மணி சுற்றுப் பாதையில் போய், ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் இருந்த சந்தில் பைக்கை நிறுத்திவிட்டு நடந்தார். மண்டப வாசலை மிதிக்கும்போது போன் அடித்தது.

"மாப்ள, ஒங்க வண்டி ஐஸ் பேக்டரி சந்துல நிக்கிதாமே, யாருக்குப் பயந்து?"

"அங்கிட்டுத்தான் மாமா நெழலு இருந்துச்சு."

"மழ தூறுது மாப்ள. தாங்குமா, தாங்காதா?"

"கேட்டுச் சொல்றேன் மாமா" என்றார் அருள்மணி.